விழுந்த மரத்தைக் கழிப்பதும் துண்டு போடுவதும்: சங்கிலி ரம்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது தனி வித்தை. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஏற்கனவே தரையில் கிடக்கும் மரத்தின் கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டு போடும் வேலை மட்டும்தான் இங்கே. ரம்பம் வாங்கிய கையோடு என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்குப் 'பார்' என்ற பெயரே புழக்கத்தில் இருப்பதால் அதையே எழுதுகிறேன். அதன் நுனிக்கு 'மூக்கு' என்று பெயர். இந்த மூக்கைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

மரம்தான் விழுந்துவிட்டதே, இனி என்ன ஆபத்து?

இந்த எண்ணம்தான் ஆபத்து. நிற்கும் மரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறார்கள். கிடக்கும் மரத்தைப் பார்த்ததும் விறகாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கீழே கிடக்கும் மரம் பெரும்பாலும் தரையில் படுத்திருப்பதில்லை. தன் கிளைகளை ஊன்றிக்கொண்டு, சில இடங்களில் அந்தரத்தில், சில இடங்களில் வளைந்து, முறுக்கேறி நிற்கிறது. எந்தக் கிளை அதைத் தாங்குகிறதோ அதை வெட்டிய மறுகணம் மரம் உருளும் அல்லது இறங்கும். எந்தக் கிளை அதன் அடியில் மடங்கி அழுந்தியிருக்கிறதோ அது சவுக்குப் போல அடிக்கும்.

ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் முன் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். இதை இப்போது எது தாங்குகிறது? வெட்டினால் இது எந்தப் பக்கம் போகும்? இரண்டுக்கும் பதில் தெரியாவிட்டால் என்ஜினை அணைத்துவிட்டு மரத்தை ஒருமுறை சுற்றி வருவேன். கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டு கேள்விகளின் விரிவுதான்.

என்னென்ன அணிய வேண்டும்?

முகவலையும் காதுக்கவசமும் சேர்ந்த தலைக்கவசம், வலைக்கு உள்ளே கண்ணாடி, கையுறை, இரும்பு முனை வைத்த பூட்ஸ், வெட்டுத் தடுப்புக் கால்சட்டை. பெட்ரோல் ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலிலேயே தொடர்ந்து வேலை செய்தால் காது கெடும். சட்டையின் கைகளும் நுனிகளும் தொங்கக் கூடாது. துண்டு, மப்ளர், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். நீளமான கூந்தலைக் கட்டித் தலைக்கவசத்துக்குள் வைத்துவிட வேண்டும்.

கால்சட்டை அவ்வளவு முக்கியமா? தடித்த ஜீன்ஸ் போதாதா?

போதாது. ஓடும் செயினுக்கு ஜீன்ஸ் ஒரு பொருட்டே அல்ல. முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர்! வெட்டுத் தடுப்புக் கால்சட்டை செயல்படும் விதமே வேறு. மேல்துணி உடனே கிழிந்துவிடும். அதன் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட இழைகளைச் செயின் இழுத்துக்கொண்டு போய்ப் பற்சக்கரத்தில் சுற்றிவிடும். சக்கரம் அடைத்துக்கொண்டு செயின் நின்றுவிடும். அதாவது அந்தத் துணி கத்தியைத் தடுக்கும் கேடயம் கிடையாது; இயந்திரத்தின் வாயில் பஞ்சை அடைக்கும் தந்திரம்.

இவற்றில் வகுப்புகள் உண்டு. வகுப்பு 1 நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினுக்கும், வகுப்பு 2 நொடிக்கு 24 மீட்டருக்கும், வகுப்பு 3 நொடிக்கு 28 மீட்டருக்கும் சோதிக்கப்பட்டவை. உங்கள் ரம்பத்தின் செயின் வேகத்தைக் கையேட்டில் பார்த்து அதற்கேற்ப வாங்குங்கள். ஒருமுறை வெட்டு வாங்கி உயிரைக் காத்த கால்சட்டையைத் தைத்து மறுபடி போடக் கூடாது. அதன் வேலை முடிந்துவிட்டது.

ஆரம்பிப்பதற்கு முன் ரம்பத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பை முன்னால் தள்ளினால் 'டக்' என்று விழ வேண்டும். செயின் அசையக் கூடாது. அடுத்து, வேகத்தைக் கூட்டும் விரல் விசையை விட்டதும் என்ஜின் சும்மா ஓடும்போது செயின் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் செயின் ஊர்ந்தால் சரிசெய்யாமல் வேலைக்கு எடுக்காதீர்கள். பின்கைப்பிடியின் மேலே உள்ள பூட்டை அழுத்தாமல் விசை அமுங்கக் கூடாது. அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி பாரின் அடிப்பக்கம் இருக்கும். அது உடைந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அணைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செயினின் இழுப்பை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கையுறையோடு பாருங்கள். கையால் இழுத்தால் சிரமமின்றிச் சுற்ற வேண்டும், ஆனால் பாரின் அடியில் தொங்கக் கூடாது. புதுச் செயின் முதல் சில மணி நேரத்தில் நன்றாக நீளும், அடிக்கடி பாருங்கள். வேலை நடுவே சூட்டில் தளர்ந்த செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிரும்போது சுருங்கிப் பாரையும் என்ஜின் தண்டையும் வதைக்கும்.

எப்படி ஸ்டார்ட் செய்வது? ஒரு கையில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேனே?

நானும் பார்த்திருக்கிறேன். பார்க்க வீரமாக இருக்கும். அந்த ஒரு கணத்தில் ரம்பம் எந்தப் பக்கம் சுழலும் என்பது அவருக்கே தெரியாது.

செயின் பிரேக்கைப் போடுங்கள். ரம்பத்தைச் சமதரையில் வையுங்கள், பார் எதையும் தொடக் கூடாது. வலது பாதத்தின் முனையைப் பின்கைப்பிடிக்குள் நுழைத்து மிதித்துக்கொள்ளுங்கள். இடது கையை நேராக நீட்டி முன்கைப்பிடியை அழுத்திப் பிடியுங்கள். வலது கையால் கயிற்றை இழுங்கள். சூடான என்ஜினை எடுக்கும்போது பின்கைப்பிடியை இரு தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டும் இழுக்கலாம். அப்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

பின்னுதைப்பு என்கிறார்களே, அது என்ன?

ரம்பம் சட்டென்று உங்கள் முகத்தை நோக்கித் துள்ளி எழுவது. அது நடந்ததை உணர்ந்து கையை அசைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

காரணம் மூக்கில் இருக்கிறது. பாரின் மூக்கை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வலப்பக்கம் இருக்கும்படி பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட கால்வட்டம்தான் ஆபத்தான இடம். அங்கே செயின் வளைந்து கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்த இடம் ஒரு கட்டையையோ மறைந்திருக்கும் கிளையையோ தொட்டால், பல் மரத்தைச் சீவ முடியாமல் கவ்விக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை வேகமும் எதிர்த்திசையில் திரும்பி, பாரை மேலும் பின்னுமாக உதைத்துத் தள்ளுகிறது. வெட்டிக்கொண்டிருக்கும் கிளையைவிட அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கிளைதான் பெரும்பாலும் இதைச் செய்யும். கிளை கழிக்கும் வேலையில் இது அதிகம் நடப்பதற்கும் அதுவே காரணம்.

தடுக்க என்ன செய்வது? மூக்கால் வெட்டாதீர்கள். மூக்கு எங்கே இருக்கிறது என்பதில் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். இரண்டு கைகளாலும் பிடியுங்கள். இடது கட்டைவிரல் முன்கைப்பிடிக்கு அடியில் சுற்றி வந்திருக்க வேண்டும். மேலே மற்ற விரல்களோடு படுத்திருந்தால் உதைக்கும்போது கைப்பிடி வழுக்கிவிடும். தோள் உயரத்துக்கு மேல் ரம்பத்தைத் தூக்காதீர்கள். செயினுக்கு நேர்கோட்டில் தலையை வைக்காமல் ஒரு பக்கமாகச் சற்று விலகி நில்லுங்கள். முழு வேகத்தில் மரத்துக்குள் நுழையுங்கள். தயங்கித் தயங்கி வைக்கும் ரம்பம் அதிகம் துள்ளும். இவ்வளவையும் மீறி அது துள்ளினால் செயின் பிரேக் இருக்கிறது. இடது மணிக்கட்டு தடுப்பில் மோதினாலோ, துள்ளலின் வேகத்திலேயோ பிரேக் விழும். அது கடைசிக் காவல். அதை நம்பி மூக்கை எங்கும் நுழைக்கக் கூடாது.

உதைப்பு தவிர இன்னும் இரண்டு இயல்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாரின் கீழ்விளிம்பால் வெட்டினால் ரம்பம் உங்களை மரத்தை நோக்கி இழுக்கும். மேல்விளிம்பால் வெட்டினால் உங்களை நோக்கித் தள்ளும். இழுப்பைச் சமாளிப்பது எளிது. தள்ளலுக்கு உடலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

எனக்கு இடது கைப் பழக்கம். கைகளை மாற்றிப் பிடிக்கலாமா?

கூடாது. இந்த இயந்திரம் வலது கை பின்னாலும் இடது கை முன்னாலும் இருப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மாற்றிப் பிடித்தால் உடல் செயினின் நேர்கோட்டுக்கு வந்துவிடும், பிரேக் தடுப்பும் கைக்கு எட்டாது. சில நாட்களில் பழகிவிடும்.

கிளை கழிக்க எங்கே நிற்பது, எங்கிருந்து தொடங்குவது?

அடியிலிருந்து நுனியை நோக்கிப் போங்கள். நுனியைப் பார்த்தபடி அடிமரத்துக்கு இடப்பக்கம் நில்லுங்கள். அப்போது ரம்பம் உங்கள் வலப்பக்கத்தில், மரத்தின் மேல் இருக்கும். ரம்பத்தின் எடையை நீங்கள் சுமக்க வேண்டாம். அதை அடிமரத்தின் மேல் உட்காரவைத்து, நெம்புகோலைப் போலத் திருப்பித் திருப்பி வெட்டுங்கள். நாள் முழுவதும் கழிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள், ரம்பத்தை அவர்கள் தூக்குவதே இல்லை. அது மரத்தின் மேலேயே ஊர்ந்துகொண்டு போகும். புதியவர்கள் காற்றில் வீசி வெட்டிப் பத்து நிமிடத்தில் தோள் கழன்று உட்கார்ந்துவிடுவார்கள்.

காலை எப்போது நகர்த்துவது என்பதற்கு உறுதியான விதி ஒன்று உண்டு. பார் அடிமரத்தின் மறுபக்கம் இருக்கும்போது மட்டுமே காலடி எடுத்து வையுங்கள். அப்போது உங்கள் காலுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு முழு மரம் கேடயமாக நிற்கிறது. உங்கள் பக்கத்துக் கிளையை வெட்டும்போது கால்கள் ஊன்றிய இடத்திலேயே இருக்கட்டும். நாலைந்து அடி நடக்க வேண்டுமானால் பிரேக்கைப் போட்டுவிட்டு நடங்கள்.

கழித்த கிளைகளை அவ்வப்போது காலடியிலிருந்து அகற்றச் சொல்லுங்கள். அகற்றும்போது ரம்பம் ஓடக் கூடாது. ஒருமுறை நான் சோம்பல்பட்டு, கழித்ததெல்லாம் அப்படியே கிடக்க, அதன் மேலேயே நடந்து போனேன். ஒரு கவட்டைக்குள் கால் சிக்கி முழங்காலில் விழுந்தேன். பிரேக் போட்டிருந்ததால் வெறும் சிராய்ப்போடு போயிற்று. கவட்டைக்கிளைகளைப் பார்த்தாலே இப்போதும் அந்த முழங்கால் ஞாபகம் வருகிறது.

அடிப்பக்கம் தரையில் ஊன்றியிருக்கும் கிளைகளை என்ன செய்வது?

அவற்றை முதலில் விட்டுவிடுங்கள். அவைதான் மரத்தின் கால்கள். மேலும் பக்கத்திலும் இருக்கும் கிளைகளைக் கழித்து முடித்துவிட்டு, பிறகு இந்தக் கால்களை ஒவ்வொன்றாக எடுங்கள். மரம் எந்தப் பக்கம் உருளும் என்று முன்பே கணக்குப் போட்டு அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். பாரத்தைச் சுமக்கும் கிளையை ஒரே மூச்சில் அறுத்தால் பார் மாட்டிக்கொள்ளும் அல்லது கிளை நீளவாக்கில் பிளந்து எழும். பெரிய கிளையாக இருந்தால் நுனியிலிருந்து சிறுசிறு துண்டுகளாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எடை குறையக் குறைய முறுக்கும் குறையும்.

வில்லைப் போல வளைந்து அழுந்தியிருக்கும் கிளையை?

விரல் தடிமன் கிளை கூட இப்படி இறுகியிருந்தால் பல்லைப் பெயர்க்கும். பெரிய மரத்தின் அடியில் ஓர் இளமரம் வளைந்து சிக்கியிருந்தால் இன்னும் மோசம். வளைவின் வெளிப்புறத்தில் மரநார் இழுபட்டு இருக்கிறது. அங்கே ரம்பத்தை வைத்தால் நாண் அறுந்த வில்தான். வளைவின் உட்புறம் அமுங்கியிருக்கிறது. அது நிமிரும் பாதைக்கு வெளியே நின்று, உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். மெலியும் இடத்தில் அது மெல்ல மடங்கி, அடக்கிவைத்திருந்த வேகத்தைத் தானாகவே விட்டுவிடும். அவசரப்பட்டால் இந்த வித்தை பலிக்காது.

துண்டு போடும்போது மேலிருந்து வெட்டுவதா, கீழிருந்தா?

மரம் எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது என்பதே இதை முடிவு செய்யும். ஒரு மெல்லிய குச்சியை எடுத்து இரு முனைகளிலும் பிடித்து நடுவில் அழுத்திப் பாருங்கள். மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்பக்கம் இழுபடுகிறது. உடையும்போது கீழ்பக்கம்தான் முதலில் விரியும். அடிமரமும் அப்படித்தான். எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறதோ அங்கே முதல் வெட்டு, ஆழம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதோ அங்கே இரண்டாம் வெட்டு, முதல் வெட்டைச் சந்திக்கும் வரை.

இரு முனைகளும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால் மேலே அமுக்கம், கீழே இழுப்பு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டுக் கீழிருந்து முடியுங்கள். இங்கே பாரின் மேல்விளிம்பு வேலை செய்கிறது, ரம்பம் உங்களைத் தள்ளும் என்பதை மறக்காதீர்கள். துண்டு கீழே விழும், கால் அங்கே இருக்கக் கூடாது.

ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கதை தலைகீழ். கீழே அமுக்கம், மேலே இழுப்பு. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து முடிவு வெட்டு. முதலில் மேலிருந்தே அறுத்துத் தள்ளினால் துண்டு பாதியில் ஒடிந்து, நார் கிழிந்து, அடிமரத்தில் பெரிய சிம்பு நிற்கும்.

முழுதும் தரையில் படுத்திருந்தால் மேலிருந்து முக்கால் பங்கு வரை ஒவ்வோர் இடத்திலும் வெட்டிவிட்டு, கடப்பாரையால் நெம்பி மரத்தை உருட்டி, மிச்சத்தை மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே வெட்டில் முடிக்க ஆசைப்பட்டால் செயின் மண்ணைத் தொடும். மண்ணைத் தொட்ட செயின் கண்ணிமைப்பில் மொட்டையாகிவிடும். அதைத் தீட்ட ஆகும் நேரத்தில் இரண்டு மரத்தை உருட்டிவிடலாம்.

வெட்டும்போது கண் ரம்பத்தின் மேல் மட்டும் இருந்தால் போதாது. வெட்டுவாயைப் பாருங்கள். அது விரிகிறதா, மூடுகிறதா? மூட ஆரம்பித்தால் உங்கள் கணக்குத் தவறு என்று மரம் சொல்கிறது. உடனே நிறுத்திப் பாரை வெளியே எடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். தடித்த மரத்தில் பார் முழுவதும் உள்ளே போன பின் வெட்டுவாயில் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை அடித்து வைப்பது நல்ல பழக்கம். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் தவறிப்போய் அதைத் தொட்டால் பற்கள் தெறிக்கும்.

மரம் பக்கவாட்டில் வளைந்து இறுகியிருந்தால்?

இரண்டு மரங்களுக்கு நடுவே சிக்கி வளைந்த அடிமரம் இப்படி இருக்கும். அறுபட்டதும் அது வளைவின் வெளிப்பக்கமாகவே பாயும். ஆகவே உட்பக்கத்தில், அதாவது அமுங்கிய பக்கத்தில் நில்லுங்கள். முதல் வெட்டு உங்கள் பக்கம், பிறகு எட்டி மறுபக்கத்தை முடியுங்கள். கால் வைக்க இடமில்லை, உட்பக்கம் நிற்கவே முடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டலாம்.

ரம்பம் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை.

ஆப்பசைத்த குரங்கின் கதைதான். முதலில் என்ஜினை அணையுங்கள். ஓடும் ரம்பத்தைப் பிடித்து ஆட்டி இழுத்தால், அது விடுபடும்போது எங்கே போகும் என்று சொல்ல முடியாது, பாரும் கோணிப்போகும். கடப்பாரையாலோ உறுதியான கழியாலோ அடிமரத்தை நெம்பி வெட்டுவாயை விரியுங்கள், அல்லது ஆப்பு அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் இன்னொரு ரம்பத்தாலோ கைவாளாலோ 30 சென்டிமீட்டராவது தள்ளி, நுனிப்பக்கமாக வெட்டி எடையைக் குறையுங்கள். மாட்டிய ரம்பத்துக்கு அருகிலேயே வெட்டினால் இரண்டாவதும் மாட்டும்.

சரிவான இடத்தில்?

எப்போதும் மேட்டுப்பக்கம். அடிமரம் உருண்டால் பள்ளத்துக்குத்தான் உருளும், பள்ளத்தில் நிற்பவர் மேல்தான் உருளும். வெட்டத் தொடங்கும் முன் பள்ளப்பக்கம் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள். கீழே ஆளோ வழித்தடமோ இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தை நானே துண்டு போடலாமா?

அனுபவம் இல்லாவிட்டால் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியில் மண்ணோடு சேர்ந்து ஒரு பெரிய வேர்த்தட்டு செங்குத்தாக நிற்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அடிமரத்தின் எடைதான். அடிமரத்தை அறுத்துவிட்டால் தராசின் ஒரு தட்டைக் கழற்றியது போல. வேர்த்தட்டு தன் பள்ளத்துக்குத் திரும்பிச் சாத்திக்கொள்ளும், அடிக்கட்டை எழுந்து நிற்கும். அந்தப் பள்ளத்தில் யாராவது இருந்தால் தப்ப வழியே இல்லை. குழந்தைகளுக்கு அந்தக் குழி ஒரு குகையாகத் தோன்றும் என்பதால், வெட்டத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் போய் எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. சில சமயம் தட்டு முன்பக்கமாக, வெட்டுபவரின் மேலேயும் சாயும். தெரிந்தவர்கள் வேர்த்தட்டை வின்ச் எனப்படும் இழுவை இயந்திரத்தின் கம்பியால் கட்டி நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு அடிக்கட்டையை விட்டுவைத்து, அதற்கு அப்பால் வெட்டுவார்கள்.

மின்கம்பி மேல் விழுந்த மரமாக இருந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்வாரியத்தினர் உறுதி செய்யும்வரை அருகில் போகவே கூடாது. புயலில் பல மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் எது எதைத் தாங்குகிறது என்று எட்ட நின்று கண்டுபிடிக்க முடியாது. அது இயந்திரம் வைத்திருப்பவர்களின் வேலை.

பாதி விழுந்து இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்கிறதே?

அது விழுந்த மரம் இல்லை, விழப்போகிற மரம். அதன் கீழே போகாதீர்கள், தாங்கும் மரத்தையும் வெட்டாதீர்கள். ஆளை அழையுங்கள்.

செயின் மழுங்கிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே விழுவதைப் பாருங்கள். கூர்மையான செயின் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவைப் போலத் தூளைத் துப்பும், புகையும் வரும். நீங்கள் ரம்பத்தை அமுக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் அதுவும் ஓர் அறிகுறி. நல்ல செயின் தன் எடையாலேயே இறங்கும். மழுங்கிய செயினால் அதிக ஆபத்து, ஏனென்றால் அமுக்கும் கை சட்டென்று விடுபடும்போது கட்டுப்பாடு இருக்காது.

இன்று நாம் பயன்படுத்தும் செயினின் பல் வடிவத்துக்கு ஒரு புழுதான் குரு. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழு ஒன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுவதைக் கவனித்தார். அதைப் பார்த்தே வளைந்த பற்களை இடம், வலம் என்று மாற்றி மாற்றி வைத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தீட்டும்போது இரு பக்கத்துப் பற்களும் ஒரே நீளத்திலும் ஒரே கோணத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூராக இருந்தால் வெட்டு நேராகப் போகாமல் அந்தப் பக்கமாக வளையும், பாரும் இறுகும்.

உருளை அரம் கொண்டு உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ளுங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். அரத்தின் விட்டம் செயினைப் பொறுத்தது. சிறிய ரம்பங்களுக்கு 4 மில்லிமீட்டர், நடுத்தரத்துக்கு 4.8, பெரியதற்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் வழக்கம். கோணம் பெரும்பாலான செயின்களில் 30 பாகை. பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு திமில்தான் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. வழக்கமாக அது பல் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். சீக்கிரம் வெட்டட்டும் என்று இதை அதிகமாக அராவினால் பின்னுதைப்பை விலைக்கு வாங்கியது போல. பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் செயினை மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல், எண்ணெய் பற்றி?

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குக் கலவை வேண்டும். பல ரம்பங்களுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. செயினுக்குத் தனி எண்ணெய், தனித் தொட்டி. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்பிவிடுங்கள். என்ஜின் ஆறியபின் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி, சிகரெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பேட்டரி ரம்பம் சத்தமில்லாமல் இருக்கிறது. ஆபத்தும் குறைவா?

புகையும் இரைச்சலும்தான் குறைவு. மூக்கு அதே மூக்குதான், அதுவும் உதைக்கும். சத்தமில்லாதது ஒரு விதத்தில் கெடுதலும்கூட: சும்மா இருக்கும்போது அணைந்தது போலவே இருக்கும், விரல் பட்டதும் முழு வேகத்தில் ஓடும். செயினைத் தொடும் எந்த வேலைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மோட்டாரின் திருப்புவிசை அதிகம் என்பதால் கால்சட்டையின் இழைகள் பெட்ரோல் ரம்பத்தை நிறுத்துவது போல இதை நிறுத்தும் என்று நம்பவும் கூடாது.

ஏணியில் ஏறி வெட்டலாமா?

கூடாது.

தொடர்ந்து எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்?

ஒரு தொட்டி பெட்ரோல் தீர்ந்ததும் ஓய்வு எடுப்பது நல்ல கணக்கு. ரம்பத்தின் அதிர்வு விரல்களின் ரத்த நாளங்களையும் நரம்புகளையும் பாதிக்கும். ஆண்டுக்கணக்கில் இதையே செய்பவர்களுக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும், முற்றிவிட்டால் முழுதாகத் திரும்பாது. அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்காதீர்கள். சோர்ந்த கை பிடியைத் தளர்த்தும், சோர்ந்த கண் மூக்கை மறக்கும். 'இன்னும் ஒரே ஒரு துண்டு' என்று மனம் சொல்கிற நேரம்தான் ரம்பத்தைக் கீழே வைக்க வேண்டிய நேரம் என்பது என் கணக்கு.

துணைக்கு ஆள் வேண்டுமா?

வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம். ரம்பம் ஓடும்போது ஐந்து மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நீங்கள் வெட்ட வெட்ட இன்னொருவர் துண்டைப் பிடித்துக்கொள்வது நான் பார்த்தவற்றிலேயே மோசமான பழக்கம். காதுக்கவசம் போட்டிருப்பதால் அவர் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. பின்னாலிருந்து தோளைத் தட்டக் கூடாது. உங்கள் கண்ணில் படும்படி முன்னால் வந்து கையசைக்க வேண்டும். நீங்கள் என்ஜினை அணைத்த பிறகே நெருங்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

ரம்பத்தின் காயம் கத்திக் காயம் போலச் சீராக இருக்காது. சதையை வாரி எடுத்திருக்கும், ரத்தம் வேகமாகப் போகும். காயத்தின் மேல் சுத்தமான தடித்த துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ பட்ட காயத்தில் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டையைக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள், மருத்துவர் வரும்வரை தளர்த்தாதீர்கள். காயம்பட்டவரைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுங்கள்.

இவையெல்லாம் பையில் இருக்க வேண்டும், அந்தப் பை வண்டியில் இல்லாமல் வெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டுத்துணி ஒன்றை நான் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன், ஏனென்றால் காலில் வெட்டு வாங்கியவன் பையை நோக்கி நடக்க முடியாது. வேலை தொடங்கும் முன் செல்பேசியில் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸுக்கு இந்த இடத்தை எப்படி அடையாளம் சொல்வது, வண்டி எதுவரை வர முடியும் என்பதைத் துணையாளும் நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.